ஒன்பதாவது தலை

பஸ்ஸர் அலறியது. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் பேச்சு சட்டென்று நின்றது.

கூட்டத்தை நடத்தும் ட்விலா நாற்காலி மேல் ஏறி நின்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"செனட்டர் கோஷ்டி, எட்டு! ஒண்ணு குறையுது, கேலன். பதினஞ்சு நிமிஷம் தர்றேன். ஆளைப் புடி, இல்லாட்டி கோஷ்டியைக் கலை!"

ஸ்கோர்போர்டில் 15:00 சிவப்பாக எரிந்தது. பிறகு 14:59.

கவர்னர் கோஷ்டியில் ஒரே சிரிப்பு. "அழாத கேலன், இங்க வா, பிஸ்கட் மிச்சம் இருக்கு!"

அயோவாவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க எங்கள் கட்சியில் ஓட்டுச்சீட்டு கிடையாது. இந்த முறை போட்டியில் ஒரு செனட்டர், ஒரு கவர்னர், ஒரு மேயர். பிடித்தவருக்கான மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள்.

வந்திருந்தது ஐம்பத்தெட்டுத் தலை. அதில் பதினைந்து சதவீதம், அதாவது ஒன்பது பேர், இல்லாத கோஷ்டிக்குப் பிரதிநிதி கிடையாது.

எங்கள் பகுதியிலிருந்து மாவட்ட மாநாட்டுக்குப் போவது மொத்தம் ஆறு பிரதிநிதிகள். கவர்னர் பக்கம் இருபத்தெட்டுப் பேர், அவருக்கு மூன்று. மேயர் பக்கம் இருபத்தொன்று, அவருக்கு இரண்டு. நாங்கள் ஒன்பதாகிவிட்டால் ஆறாவது இடம் செனட்டருக்கு.

அந்த ஆறாவது ஆள் நான்தான். இருபது வருடமாக மாவட்ட மாநாட்டுக்கு என்னைத் தவிர யாரைப் பற்றியும் எங்கள் மூலையில் பேச்சே வந்ததில்லை.

ஒன்பதாவது தலையாக வந்திருக்க வேண்டியவன் என் தம்பி மெர்ல். காலையில்கூட "வந்துடறேண்ணே" என்றான். ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். இனி அவன் வந்தாலும் கணக்கில் சேராது. போனையும் எடுக்கவில்லை. பாழாய்ப்போன அந்த ஓட்டை டிரக் எங்கேயோ பனியில் படுத்திருக்கும்.

எந்தக் கோஷ்டியிலும் சேராமல் அரங்கில் ஒரே ஒரு ஆள் மிச்சம்.

'இன்னும் முடிவு செய்யாதவர்கள்' என்ற அட்டைக்குக் கீழே மடக்கு நாற்காலியில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் ஆர்லிஸ்.

அவள் வீட்டுக்கு அரை மைல் மேற்கே பதினொரு வருடத்துக்கு முன்பு நான் பன்றிக் கொட்டகை போட்டேன். இரண்டாயிரத்து நானூறு பன்றிகள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு நானா பொறுப்பு? கோர்ட்டுக்குப் போனாள். தோற்றாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கொட்டகைக்கு அவளைவிடப் பக்கத்தில் இருப்பவன் மெர்ல். அவன் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

கொட்டகைகளை வீடுகளிலிருந்து ஒரு மைல் தள்ளி வைக்க வேண்டும் என்று பேசுகிறவர் கவர்னர். ஆர்லிஸ் அவருடைய பழைய ஆள். ஆனால் இந்த வருடம் அவர்களோடு சண்டையாம். மெர்ல்தான் சொன்னான். அவள் கோட்டில் கவர்னர் பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

ஸ்கோர்போர்டில் 9:20.

போனேன். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். அவள் கோட்டிலிருந்து இலவங்கப்பட்டை வாசம் வந்தது. எதையோ சுட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஆர்லிஸ், எங்க பக்கம் வர்றியா?"

"சத்தமாக் கேளு. பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. காது எரிய இன்னொரு தரம் கேட்டேன். யாரோ விசிலடித்தார்கள்.

"வர்றேன். ஆனா மாநாட்டுக்குப் போறது நான்."

"அதெப்படி? இருபது வருஷமா நான்தான்..."

"பதினோரு வருஷமா நான் வெளியில துணி காயப்போடல, கேலன்."

6:05.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். யார் போனாலும் எண்ணிக்கை செனட்டருக்குத்தான். மாநாட்டில் ஒரு பிரதிநிதி பக்கம் மாறலாம் என்று விதியில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் இதுவரை யாரும் மாறியதில்லை.

என் கோஷ்டியிடம் வந்து கேட்டேன். ஏழு கைகள் உயர்ந்தன. அவ்வளவு வேகமாக உயர்ந்திருக்க வேண்டியதில்லை. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டாவது கை என்னுடையது.

1:10.

ஆர்லிஸ் எழுந்தாள். நாற்காலியை மடக்கினாள். அதைச் சுவரோரம் கொண்டுபோய்ச் சாத்தினாள். கோடு போட்ட தரையில், யாருக்காகவும் அவசரப்படாதவள் போல நடந்து வந்தாள்.

0:04. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

பஸ்ஸர்.

"ஒன்பது! செனட்டருக்கு ஒண்ணு!" என்றாள் ட்விலா.

கை தட்டினார்கள். ட்விலா நீட்டிய தாளில் ஆர்லிஸ் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "மாநாட்டுல செனட்டர் பக்கம்தானே நிப்ப?"

அவள் கோட்டுப் பையிலிருந்து கவர்னர் பேட்ஜை எடுத்தாள். அந்தப் பழைய துளைகளிலேயே அதைக் குத்திக்கொண்டாள்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எல்லாம் அந்த மெர்லால! அவனோட ஓட்டை வண்டி மட்டும் இன்னைக்கு ஒழுங்கா ஓடியிருந்தா..."

ஆர்லிஸ் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள்.

"வண்டியைத் திட்டாத, கேலன். அது நல்லாத்தான் ஓடுது. என் வீட்டு வாசல்ல நிக்குது."