ஒற்றை விரலுக்கு ஏறும் சன்னல்

குன்னூர் பங்களாவில், மேலே தூக்கித் திறக்கும் அந்த மரச்சன்னல் கயிறு அறுந்து பாதியில் நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்த ரபீக் பக்கச்சட்டத்தைக் கழற்றினார். சன்னலின் பாரத்தைத் தாங்கும் இரும்புக் குண்டுகளுக்குப் பதிலாக, கயிறுகளில் உடற்பயிற்சி செய்யும் இரண்டு டம்பெல்கள் தொங்கின.

“யாரும்மா இப்படிக் கட்டினது?”

வீட்டுக்காரி ஸ்டெல்லா குனிந்து ஒரு டம்பெல்லைத் தொட்டுப் பார்த்தாள். அவள் மணிக்கட்டு முறிந்த வாரம்தான், இரண்டு கைக்கும் மசியாத சன்னல் ஒற்றை விரலுக்கு ஏறத் தொடங்கியது. “எண்ணெய் போட்டேன்” என்றார் கணவர் செபாஸ்டின். உடற்பயிற்சியையும் அதே வாரம் நிறுத்தினார். அவர் கண்மூடும்வரை அதனால் விழுந்த தொப்பையை என்ன கேலி செய்திருப்பாள்!

“புதுக் குண்டு மாட்டிரட்டுமா?”

“வேண்டாம் பாய். கயிறு மட்டும் மாத்துங்க.”

சாயங்காலம் ஒற்றை விரலால் சன்னலைத் தூக்கினாள். சட்டத்துக்குள் டம்பெல்கள் இறங்கின. சன்னலை இறக்கினாள். அவை ஏறின.

“ம், இன்னொரு தடவை” என்றாள்.