திட்டு வாங்கும் நாற்காலி

பல்கலைக்கழகத்தில் விடைத்தாள்களை இயந்திரம் திருத்தியது. மதிப்பெண்ணைப் பார்த்துக் கொதித்து வரும் மாணவர்களிடம் திட்டு வாங்குவதுதான் ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தாவின் வேலை. "உங்க வருத்தம் புரியுது" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் பேசக்கூடாது.

அன்று ஒருவன் விடைத்தாளை அவள் முகத்தில் விட்டெறிந்தான். "ஒரு தடவ படிச்சுத்தான் பாருங்களேன்க்கா!"

படித்துத் தொலைத்தாள். "சரியாத்தானேடா எழுதியிருக்க," என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள்.

துறைத்தலைவர் பாய்ந்து வந்தார். "பேப்பர் திருத்தவா உன்னை இங்க உட்கார வெச்சோம்?"

ஆட்களை வைப்பதும் நீக்குவதும்கூட அந்த இயந்திரம்தான்; மறுநாளே அது அவளை வேலையிலிருந்து தூக்கியது. நியாயம் கேட்கப் போனால், அதே நாற்காலியில் வேறொரு ஆராய்ச்சி மாணவன். அவனால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் மேசையை ஓங்கிக் குத்தினாள். "வெட்கமா இல்ல உனக்கு?"

"உங்க வருத்தம் புரியுது," என்றான் அவன்.