நகராத பொத்தான்

“கையில இருக்கிற சீட்ட அடுத்தவங்களுக்குக் குடுக்கலாமாங்க?” என்று ஜெசிந்தா முன்பு ஒருநாள் கணவனிடம் கேட்டிருந்தாள். “தாராளமா. ஆனா யாரு குடுப்பா?” என்று சேவியர் சிரித்தான். பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவதற்காக அவன் அட்டையில் ஓர் ஊரைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்த நேரம் அது. தண்ணீர், சாலை, மருந்து, படிப்பு என்று சீட்டுகளைச் செலவழித்துத்தான் கட்டங்களைத் தாண்ட முடியும். ஒருவர் கரையேறினாலே பெரிது என்று அவன் நினைத்திருந்தான். ஆனால் குடும்பமாக உட்கார்ந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவன், தம்பி, தங்கை மூவரும் காய்களாக வைத்த பொத்தான்கள் கடைசிக் கட்டத்தில் நின்றன. ஜெசிந்தாவின் சிவப்புப் பொத்தான் மட்டும் புறப்பட்ட இடத்திலேயே இருந்தது. வந்த சீட்டையெல்லாம் மற்றவர்களுக்கே கொடுத்துவிட்டிருந்தாள்.

“மதினி, இப்பிடி வெளாண்டா நீங்க என்னைக்கு செயிக்க?” என்று தங்கை பிலோமினா கேலி செய்தாள். சேவியருக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பெரிய ஊரும் அந்த ஒரு பொத்தானில் கால் ஊன்றி எழுந்து நிற்பதுபோல் இருந்தது. ஜெசிந்தா நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். வந்தபிறகு தம்பி இன்ஜினியர் ஆனான், பிலோமினா டீச்சர் ஆனாள். சேவியர் ஒரு படிப்புச் சீட்டை உருவி ஜெசிந்தாவின் முன் வைத்தான்.

“இத யாருக்கும் குடுத்துறாத.”

அவள் சீட்டின் ஓரத்தை விரலால் தடவினாள்.

“ஏங்க, நான் மறுபடி காலேஜுக்குப் போகட்டா?”