பெரியவனின் வால்வு பாடி

"அப்பா, காருக்கு அடியில படுத்துத் தூங்கிட்டீங்களா? நாலு மணிக்கு ரேஸ்!"

"கத்தாதடா. முடிஞ்சிருச்சு."

மெக்கானிக் கடைசி போல்ட்டை முறுக்கினார். கியர்பாக்ஸின் சிவப்பு எண்ணெய் ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. முழங்கையால் துடைத்தார்.

சின்னவன் குனிந்து எட்டிப் பார்த்தான். "அண்ணனோட வால்வு பாடி நல்லா இருக்குல்ல? கியர் சட்டுசட்டுனு விழணும்."

"விழும். நீ கிளம்பு."

கார் உறுமிக்கொண்டு பக்கத்து மைதானத்துக்குப் போனது.

மூலையில் நின்ற பழைய வேனைப் பார்த்து மெக்கானிக் பெருமூச்சு விட்டார். சின்னவன் காலையில் பெயர் கொடுக்கப் போன நேரத்தில், கியரை மாற்றிவிடும் அந்த வால்வு பாடியைக் காரிலிருந்து வேனுக்கும் வேனுடையதைக் காருக்கும் மாற்றியிருந்தார். எப்போதும் முரண்டு பிடிக்கும் வேனின் போல்ட்டுகள் இன்று என்னவோ சொன்னபடி கேட்டன.

இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றே. உள்ளே ஸ்பிரிங் மட்டும்தான் வேறு. போன வருடம் பெரியவனின் உயிரைக் குடித்த காரிலிருந்து கழற்றி, சின்னவன் காரில் மாட்டியிருந்த அந்த ரேஸ் வால்வு பாடி இனி வேனோடு கிடக்கட்டும். சாதாரண வால்வு பாடியோடு சின்னவன் முதல் சுற்றிலேயே பின்தங்குவான். அப்பனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவான். வந்தால் போதும்.

மைதானத்து ஒலிபெருக்கி அலறியது. கார்கள் ஒருசேரச் சீறிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

மனைவி தேநீரோடு வாசலில் நின்றாள். ஒரு காலத்தில் அவருக்குச் சமமாக ஸ்பேனர் பிடித்தவள். பெரியவன் போனபின் பட்டறைக்குள் காலடி வைப்பதில்லை. கண்ணாடி டம்ளரை நீட்டிய விரல்களின் நகக்கண்ணில் மங்கலாக ஒரு சிவப்பு.

"ஏங்க மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு? இவனுக்கு ஒண்ணும் ஆகாது."

"எப்படி ஆகும்? நான் விட்டுருவேனா?" அவர் மூலையில் நின்ற வேனைக் காட்டினார். "கார்ல இருந்ததைக் கழட்டி வேன்ல போட்டுட்டேன். வேன்ல இருந்ததுதான் இப்ப அவன்கிட்ட இருக்கு."

டம்ளர் கீழே விழுந்து நொறுங்கியது.

"ஐயோ... நேத்து நீங்க வெளிய போனப்பவே நான் ரெண்டையும் மாத்தி வச்சுட்டேனேங்க!"