யாழ் வாசிக்கும் ஆட்டின் ரசிகர்

"அந்த மனுஷனை நட்டாத்துல விடச் சொல்றியா கெத்தின்?"

நெஸ்டா, நனைந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி, மேசைக்கு மேலே சுவரில் துருத்திக்கொண்டிருந்த சிவப்புக் குமிழில் வழக்கம்போல மாட்டினார். வெளியே வேல்ஸ் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக நூலகத்தின் பழைய சுவடிகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது அவர் பொறுப்பு. கெத்தின் போன வருஷம் வந்து சேர்ந்த கணினிக்காரன்.

"நான் எங்கே சொன்னேன்? பழைய சர்வரை மதியத்துக்குள்ள நிறுத்தணும்னு எய்ர்லிஸ் சொல்லிட்டாங்க. அவங்கதானே நூலகத் தலைவி?"

பழைய சர்வரிடம் ஒரு படம் கேட்டால், டீ போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்த பிறகுதான் தரும். ஆனால் ஒருநாளும் படுத்ததில்லை. புதுசு அப்படியல்ல. கேட்ட மாத்திரத்தில் படம் வரும். பெரிதாக்கினால் சுவடியில் வரைந்த ஆட்டின் மூக்குமயிர்கூடத் தெரியும். உலகம் முழுக்க இருந்த வாசகர்கள் எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள்.

ஒரே ஒருவரைத் தவிர.

அவர் நிமிஷத்துக்கு ஒரு தரம், இரவு பகல் பாராமல், பழைய சர்வரிடம் ஒரே படத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சட்டச் சுவடியின் ஓரத்தில், எழுதி எழுதிச் சலித்துப்போன யாரோ ஒரு துறவி வரைந்த செம்மறியாடு. மடியில் யாழை வைத்துக்கொண்டு வாசிக்கும்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கும் பார்த்தார்," என்றார் நெஸ்டா பெருமையாக. "ரக்பி நடந்தப்ப ஊரே டிவி முன்னாடி உக்கார்ந்திருந்தது. இவர் ஆட்டைத்தான் பார்த்துட்டிருந்தார்."

"தூங்கவே மாட்டாரா?"

"பேராசிரியரா இருப்பார். அவங்கல்லாம் தூங்க மாட்டாங்க."

"எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் மீட்டிங்லயே தூங்குறாங்களே."

நெஸ்டா இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு மப்ளர், நெடுக ஆட்டுக்குட்டிகளாகப் பின்னியது. "அவருக்குத்தான். அனுப்ப விலாசம் இல்லை. அதான் படத்துக்குக் கீழ, 'குளிருக்குக் காதை மூடிக்குங்க'ன்னு எழுதி வச்சேன்."

"பதில் போட்டாரா?"

"அடுத்த நிமிஷமே மறுபடி ஆட்டைப் பார்த்தார். அதுக்கு மேல என்ன பதில் வேணும்?"

கெத்தின் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "எங்கேர்ந்து பார்க்கிறார்னு கண்டுபிடிக்கிறது சுலபம் நெஸ்டா. நாமே அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடலாம்."

நெஸ்டாவின் முகம் சிவந்துவிட்டது. "எந்த வாசகர் எதைப் பார்க்கிறார்னு நூலகத்துக்காரங்க எட்டிப் பார்க்கவே கூடாது. அதுக்குத்தான் எந்தப் படம், எப்பன்னு மட்டும் பதிவாகும், யாரு, எங்கேர்ந்துங்கிறது பதிவாகாதபடி வச்சிருக்கேன். உனக்கு அதெல்லாம் யாரும் சொல்லித் தரலையா?"

நெஸ்டாவின் குரல் தணிந்தது.

"எத்தனை ஆயிரம் படம் ஏத்தியிருப்பேன் கண்ணு. எல்லாரும் வருவாங்க, வேண்டியதை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. நான் செஞ்சதை ஆசையாப் பார்த்தது இவர் ஒருத்தர்தான். அவரையும் விட்டுட்டேன்னா, நான் யாருக்காக இத்தனை வருஷம் உழைச்சேன்?"

கேட்கவே பாவமாக இருந்தது. கெத்தின் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் எய்ர்லிஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஆட்டு ரசிகர் மன்றம் இன்னும் கலையலையா? மதியத்துக்குள்ள பழசு நிக்கலைன்னா புது சர்வரை வேதியியல்காரங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உங்க ஆட்டை அவங்க குடுவையிலதான் தேடணும்."

கதவு சாத்திக்கொண்டது. நெஸ்டா பெருமூச்சு விட்டு, தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஆடு இடம் மாறப்போகுதுன்னு படத்துக்குக் கீழ ரொம்ப நாளா எழுதி வச்சிருக்கேன். என் நம்பரும் இருக்கு. ஆடு வரலைன்னா மனுஷன் துடிச்சுப் போயிடுவார். கட்டாயம் கூப்பிடுவார். வழி சொல்லிடுவேன். நீ நிறுத்து."

கெத்தின் நிறுத்தினான். மூலையில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த பெட்டி அடங்கியது. அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று இருவருக்குமே அதுவரை தெரியாது.

நெஸ்டா தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த பழரொட்டியைத் தொடவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. தொலைபேசி வாய் திறக்கவில்லை.

தலைக்கு மேலே காதைக் கிழிக்கிற மாதிரி மணி அடித்தது. சுவரில் மாட்டியிருந்த கம்பளித் தொப்பி, உள்ளிருந்து சிவப்பாக எரிந்து எரிந்து அணைந்தது.

"என்னது இது?" கெத்தின் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். "நான் அதைத் தொப்பி மாட்டுற கொக்கின்னுல்ல நினைச்சேன்."

நெஸ்டா மேலே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வேலைக்கு வந்த புதுசுல நானே மாட்ட வச்சது. அது பாட்டுக்கு சர்வர்கிட்ட நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு படத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும். வரலைன்னா சர்வர் படுத்துடுச்சுன்னு மணியடிக்கும். இது ஒருநாளும் படுக்கலை, நானும் மறந்தே போயிட்டேன்."

"எந்தப் படத்தைக் கேட்கச் சொன்னீங்க?"

நெஸ்டா இழுப்பறையிலிருந்து மப்ளரை எடுத்து, நாற்காலி மேல் ஏறி, அலறிக்கொண்டிருந்த அந்த விளக்குக்கு இதமாகச் சுற்றிவிட்டார்.