செப்புத் திருக்கை

மூத்த மகளின் கல்யாணப் பரிசுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார் உசனார். வண்ணத் தாளுக்குள் செப்புத் தகடு. அதில் வாலைச் சுழற்றியபடி புடைத்து நின்றது ஒரு திருக்கை மீன். கூட்டாளி ஹுனைஸ் புது வீடு கட்டியபோது உசனாரே தன் பட்டறையில் செய்து கொடுத்த திருக்கை! அனுப்பியவர் பெயர் இல்லை.

வாடகை பேசாமலே ஹுனைஸ் இருக்கும் கண்டக்குழிக்கு த்ரீவீலில் ஏறினார், அவ்வளவு கோபம்.

"நீயெல்லாம் ஒரு கூட்டாளியாடா? ஒனக்காக ஒரு மாசம் கையால அடிச்சது. உலகத்திலேயே ஒண்டே ஒண்டு! அத எனக்கே திருப்பி அனுப்பியிருக்காய்!"

ஹுனைஸ் சுவரைக் காட்டினார். அவருடைய திருக்கை அங்கேயே பளபளவென்று தொங்கியது.

ஹுனைஸின் மனைவி ரிஃப்கா அதைக் கழற்றி, உசனார் கொண்டுவந்த தகட்டின் மேல் வைத்தார். சட்டிக்குள் சட்டி போல, மயிரிழை விலகாமல் உட்கார்ந்தது.

"கையால அடிச்சது ரெண்டு இப்பிடிப் பொருந்துமா, உசனார் நானா?"

உசனார் தொண்டையைச் செருமினார். "அச்சு ஒண்டு இருக்கு..."

"எத்தன பேருக்குக் குடுத்தாய், மச்சான்?" ஹுனைஸ் கேட்டார்.

"ஒரு முப்பது இருக்கும்."

ஹுனைஸ் இரண்டு தகட்டையும் அவர் கையில் வைத்தார்.

"ஒன்ட இளைய மகள்ட கல்யாணத்துக்கு இதுதான் என்ட பரிசு. இப்பவே கொண்டு போ."