கிளி சொன்ன மருந்து

“வழி சொல்லிக்கிட்டிருந்த கிளியை வைத்தியராக்கினவன் எவன்டா? முன்னால வரச் சொல்லு!” கிளி இருக்கும் நாவல் மரத்தடியில் நின்று கத்தியது செம்பி ஆடு.

முன்பெல்லாம் யார் எதைக் கேட்டாலும் அந்தக் கிளி, “முயலைக் கேளு, மேட்டுக்குப் போ” என்றோ “ஆமையைக் கேளு, குளத்துக்குப் போ” என்றோ வழிதான் காட்டும். இப்போது யாரோ பழக்கிவிட்டதில், எல்லார் பேச்சையும் கலந்து தானே பதில் சொல்லிவிடுகிறது. நடை மிச்சம் என்று காட்டுக்கே சந்தோஷம்.

அன்று காலை செம்பியின் குட்டிக்கு வயிறு உப்பி மூச்சு முட்டியது. செம்பி கிளியிடம் ஓடிவந்து மருந்து கேட்டது.

“எருக்கம்பால் குடிக்கக் கொடு,” என்றது கிளி, யோசிக்காமல்.

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான்.”

ஒரு வாய்த் தழைக்கே ஆயிரம் பேரம் பேசுகிற செம்பி அதை நம்புமா? முயலையே கேட்டுவிட மேட்டுக்கு ஓடியது.

முயல் பதறியது. “ஐயோ அக்கா! முள் குத்தின கால்ல தடவத்தான் எருக்கம்பால் சொன்னேன். குடிச்சா உசிரு போயிடும். வயித்து வைத்தியம் ஆமையண்ணனுக்குத்தான் தெரியும்.”

ஆமை காட்டிய ஓமவல்லித் தழையை மென்றதும், குட்டி காடு அதிர ஏப்பம் விட்டது. செம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. குட்டியோடு நேரே நாவல் மரத்தடிக்கு வந்து நின்று போட்டதுதான் இந்தக் கத்தல்.

“நான் நல்லாத்தானே பேசினேன்?” என்றது கிளி.

“உன்னைச் சொல்லலடி. உன்னை இப்படிப் பழக்கினவன் வரட்டும். முயல் வீட்டு வழியையும் ஆமை வீட்டு வழியையும் உன் வாயில திருப்பி வைக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கேயிருந்து நகரமாட்டேன்!”